ஐஸ்காரம்மா அளந்த ஏரி

ஏரிக்கரையில் விசிலடித்தால் மீன் ஓடிவிடும் என்று தூண்டில் சங்கத்தில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். முதலில் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. அதைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே முப்பத்தொன்பது வயதில் விசிலடிக்கக் கற்றுக்கொண்டவர் ஐஸ்காரம்மா.

ஒரு ஞாயிறு விசில், அடுத்த ஞாயிறு மௌனம். இப்படி இருபது ஞாயிறுகள். அதே இடம், அதே மண்புழு, அதே நேரம். விசிலடித்த நாட்களில் நாற்பத்தொரு மீன். வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களில் முப்பத்தொன்பது. நோட்டைத் திறந்து சங்கத்தில் படித்துக்காட்டி, "ஆக, விசிலுக்கும் மீனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்று முடித்தார். அடுத்த வாரம் கரையில் மூன்று பேர் விசிலடித்துக்கொண்டு நின்றார்கள். விசிலடித்தால் இரண்டு மீன் கூடக் கிடைக்கும் என்று ஐஸ்காரம்மாவே சொல்லிவிட்டாராம்.

இதை அவர் வெகுநாள் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று புரிய நாலு வருடம் ஆனது.

அவருடைய தொழில் ஃபிரிட்ஜ் ரிப்பேர். கடை ஒரே அறை. நடுவில் ஒரு திரைத்துணி. திரைக்கு இந்தப் பக்கம் கதவு கழற்றிய ஃபிரிட்ஜ்கள், செப்புக்குழாய்ச் சுருள்கள், சுவரில் வரிசையாக மாட்டிய தெர்மோஸ்டாட்டுகள். அந்தப் பக்கம் கணவரின் இரண்டு தையல் மெஷின்கள். உள்ளே நுழைகிற வாடிக்கையாளர் நேராகத் திரையை விலக்கி, கழுத்தில் இஞ்சு டேப் தொங்கும் தையல்காரரைப் பார்த்து, "ஃபிரிட்ஜ் மெக்கானிக் நீங்கதானே?" என்பார். "அளவெடுக்கணும்னா நான். ஐஸ் உறையலன்னா அந்தம்மா" என்று அவர் கைகாட்டுவார். அப்புறமும் சிலர், "சரி, மெக்கானிக் எப்ப வருவார்?" என்பார்கள். கையில் ஸ்பேனரோடு ஒரு பெண் கண்ணெதிரே நின்றாலும் கண் அதை நம்ப மறுக்கும். கண்ணுக்கும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது.

இந்த வேலையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் தரை கூட்டப் போனவர் அவர். மூலையில் தூக்கிப்போட்ட ஃபிரிட்ஜ் பெட்டிகளை மதிய இடைவேளையில் பிரித்துப் பார்ப்பார். இது ஏன் ஓடுகிறது, அது ஏன் நின்றது என்று கேட்டால் அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். அதனால் மெஷினையே கேட்டுக் கற்றுக்கொண்டார்.

ஏரிக்கு அவரைக் கொண்டுபோனதும் ஃபிரிட்ஜ்தான். சங்கத்தின் கொட்டகையில் மண்புழு வைக்க ஒரு பழைய பெட்டி இருந்தது. அது கெட்டுப்போய் ஒரு வாரத்துப் புழு மொத்தமும் செத்துவிட்டது. ரிப்பேர் பண்ணப் போனவர், புழுவுக்கு எதற்குக் குளிர்ச்சி என்று கேட்டார். குளிரில் சோம்பிக் கிடந்தால் புழு அதிக நாள் இருக்கும் என்றார்கள். மீனும் அப்படியா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. காலை பத்து மணிக்குப் போனவர் சாயங்காலம் யாரோ ஒருவரின் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டார்.

பிடித்த மீனை அளந்து பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுவது சங்கத்தின் வழக்கம். அதுதான் தையல்காரருக்கு விளங்கவே இல்லை.

"விடறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?"

"அது எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"தண்ணியிலதான் இருக்கு. எனக்கே தெரியும்."

தண்ணீரில் எங்கே என்பதுதான் கேள்வி. தூண்டிலில், மிதக்கிற தக்கையை நைலான் நரம்பில் மேலும் கீழும் நகர்த்தி, முள் எந்த ஆழத்தில் தொங்கவேண்டும் என்று வைக்கலாம். சங்கத்தில் எல்லாரும் அதைக் குருட்டாம்போக்கில்தான் வைத்தார்கள். ஐஸ்காரம்மாவுக்கு வேறு யோசனை வந்தது. குளிர்ந்த காற்று ஃபிரிட்ஜில் கீழே இறங்கித் தங்குவதைப் போல, குளிர்ந்த தண்ணீரும் ஏரியில் அடியில்தானே தங்கும்? ஃபிரிட்ஜுக்குள் வைக்கிற வெப்பமானியின் நீண்ட ஒயரை ஒரு நரம்போடு சேர்த்துக் கட்டினார். நுனியில் ஈயக்குண்டு. மீட்டருக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு நிறம். நூல் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஒரு மீட்டருக்குச் சிவப்பு, இரண்டுக்கு மஞ்சள், இப்படிப் போய் ஆறுக்கு ஊதா.

"யாருக்கு ஜாக்கெட் தைக்கிறே?" என்று கணவர் கேட்டார்.

"ஏரிக்கு."

"ஆழத்துக்கு அளவு எடுத்துட்டே. இடுப்புக்கு?"

கோடைகாலத்தில் ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்து கிடந்தது. மேலே இரண்டு மீட்டருக்கு வெதுவெதுப்பு. மூன்றாவது மீட்டரில் சட்டென்று குளிர். அதற்குக் கீழே ஈயக்குண்டு அடியைத் தொட்டு மேலே வரும்போது கறுப்புச் சேறும் அழுகின முட்டை நாற்றமும் ஒட்டிவரும். அந்த அடுக்கில் ஒரு மீன்கூடக் கடித்ததில்லை. இரண்டு அடுக்கும் சேரும் எல்லைக்குச் சற்று மேலே முள்ளை வைத்தால் கெண்டை வரிசையாக வந்தது. இதை அவர் எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் அப்படியே செய்தார்கள். ஏன் என்று கேட்டவர் யாரும் இல்லை. "ஐஸ்காரம்மா சொன்னா சரியா இருக்கும்" என்பதே போதுமானதாக இருந்தது.

சங்கத்தில் இன்னொருவரும் இருந்தார். ரொட்டிக்காரர். பேக்கரியில் அடுப்படி வேலை. ராத்திரி முழுக்க அடுப்பின் வாயில் நின்றுவிட்டு, விடிகிற நேரத்தில் நேராகக் கரைக்கு வருவார். ஏரியைச் சங்கம் குத்தகைக்கு எடுத்திருந்ததால் அட்டை இல்லாமல் வேலிக்குள் கால் வைக்க முடியாது. பல் டாக்டர், கட்டட இன்ஜினியர், ஓய்வுபெற்ற அதிகாரியான செயலாளர் ஆகியோருக்கு நடுவில் மாவு ஒட்டிய கால்சட்டையோடு இவர் ஒருத்தர். மீந்துபோன புளித்த மாவை உருட்டி வாரம் இரண்டு கிலோ போலக் கிழக்கு மூலையில் எறிவார். மீன் அந்த இடத்துக்கு வந்து பழகும். ஏரியிலேயே நல்ல மூலை அது. மற்றவர்களுக்கு அந்த மூலையின் மேல் ஒரு கண் இருந்தது. வாய்விட்டு யாரும் சொன்னதில்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் பெரிய புயல்மழை கொட்டியது. வியாழன் காலையில் இருநூறுக்கு மேற்பட்ட மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பெரும்பாலும் கிழக்கு மூலையில்.

செயலாளர் சனிக்கிழமை கடைக்கு வந்தார். தொப்பியில் இறகு கட்டிய தூண்டில் முட்களைக் குத்தி வைத்திருப்பார். வெயிலிலும் நிழலிலும் அதைக் கழற்றமாட்டார்.

"அவன் போடற மாவுதாம்மா காரணம். அந்த மூலையில பாருங்க, அப்படியே குவிஞ்சு கிடக்கு. புளிச்ச மாவு மீனைக் கொல்லுமா, கொல்லாதா? நீங்க விஷயம் தெரிஞ்சவங்க."

"அழுகினா ஆக்சிஜனை எடுத்துக்கும் சார். அது உண்மைதான்."

"அதை நாலு வரி எழுதிக் குடுங்க. கமிட்டிக்கு."

எழுதிக்கொடுத்தார். மாவு தண்ணீரில் அழுகும். அழுகும்போது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைந்தால் மீன் மூச்சுத்திணறிச் சாகும். ரொட்டிக்காரர் கிழக்கு மூலையில் வாராவாரம் மாவு போடுகிறார். நாலு வரி. நான்கில் ஒன்றும் பொய் இல்லை. நான்கும் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லின. அது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை கூட்ட அறிவிப்பு வந்தது. நான்காவது பொருள்: ரொட்டிக்காரரின் அட்டையை ரத்து செய்வது. ஐந்தாவது பொருள்: காலியாகும் கிழக்கு மூலையைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவது. ஆளை விசாரிக்கும் முன்பே அவன் நின்ற இடத்தைப் பங்குபோடத் தேதி குறித்துவிட்டார்கள். இது ஏதோ அந்தச் சங்கத்தின் தனிக்குணம் என்று நினைக்கவேண்டாம். எளியவன் மேல் பழி விழுகிற இடத்திலெல்லாம் ஐந்தாவது பொருள் என்று ஒன்று இருக்கும். பல இடங்களில் அதை அச்சடிக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அறிவிப்பைப் படித்துவிட்டு ஐஸ்காரம்மா ஒரு வாளியில் ஏரித் தண்ணீர் பிடித்துவரச் செய்தார். ஆறு சின்ன மீன்களை விட்டார். ரொட்டி மாவில் ஒரு உருண்டை போட்டார். மறுநாள் மதியம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உடனே அவற்றை வேறு தண்ணீருக்கு மாற்றினார்.

"நான் எழுதினது சரிதான்" என்றார்.

தையல்காரர் பேன்ட்டின் கால் மடிப்பை அடித்துக்கொண்டே கேட்டார்: "ஏரி எத்தனை வாளி?"

ஐஸ்காரம்மா வாளிக்குள் பார்த்தார்.

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். ரெண்டு கிலோ மாவு அந்த ஏரிக்கா? ஒரு சின்ன ஓட்டலுக்கே பத்தாதே."

ஐஸ்காரம்மா வாளியை ஓரமாகத் தள்ளினார். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். ஏரியில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனில் அந்த மாவு ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தின்றிருக்காது. ஒரு கணக்குப்பிழை இருக்கலாம் என்று மூன்று முறை போட்டார். மூன்று முறையும் அதே விடை. அப்படியானால் மீன் எதனால் செத்தது? அதைவிடக் கூச்சமான கேள்வி ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஏரியை அளந்தவர், மீன் செத்த பிறகு ஒருமுறைகூட ஏன் அளக்கவில்லை? மீன் செத்து மிதக்கிற ஏரியில் முள்ளை எந்த ஆழத்தில் வைத்தால் என்ன என்று விட்டுவிட்டார். தூண்டில்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு இருவரும் ஏரிக்குப் போனார்கள். நிறநூல் முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. புயலுக்கு முந்தைய ஞாயிறின் அளவு நோட்டில் இருந்தது: மேலே முப்பத்தொரு டிகிரி, மூன்றாவது மீட்டரில் இருபத்தேழு, அடியில் இருபத்துநான்கு. இப்போது சிவப்பு முடிச்சில் இருபத்தேழு. மஞ்சளில் இருபத்தேழு. ஊதாவிலும் இருபத்தேழு.

"மெஷின் நின்னு போச்சா?" என்றார் கணவர்.

"இல்ல. ஏரி கலங்கிப்போச்சு."

குளிர்ந்த மழையும் காற்றும் இரண்டு அடுக்கையும் ஒன்றாகப் புரட்டிவிட்டன. மாதக்கணக்கில் ஆக்சிஜன் இல்லாமல் அடியில் கிடந்த நாற்றத் தண்ணீர் ஒரே ராத்திரியில் மேலே வந்துவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் மீனுக்கு மூச்சுவிட இடம் இல்லை.

"அப்ப எல்லாம் ஏன் அவர் மூலையில போய்ச் செத்துச்சு?" என்று கணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஐஸ்காரம்மா பெட்டியிலிருந்து பன்னிரண்டு தக்கைகளை எடுத்தார். ஏரியைச் சுற்றி நடந்து, பன்னிரண்டு இடங்களில் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் எறிந்தார். கொண்டுபோன சாப்பாட்டை முடித்துவிட்டு மூன்று மணிக்கு எண்ணினார்கள். ஒன்பது தக்கைகள் கிழக்கு மூலையில் ஒதுங்கியிருந்தன. மதகுப் பக்கமிருந்து வீசுகிற காற்று மிதப்பதையெல்லாம் அங்கே தள்ளுகிறது. தீனியும் அப்படித்தான் அங்கே சேரும். அந்த மூலையில் மீன் அதிகம் கிடைத்ததற்கும் அதுதான் காரணம். செத்த மீன் குவிந்ததற்கும் அதுதான்.

தையல்காரர் ஒரு தக்கையைக் கையில் உருட்டிக்கொண்டே, "இதைப் போய்ச் சொல்லப்போறியா?" என்றார்.

"சொல்லாம?"

"எழுதிக் குடுத்தது நீதானே. இனிமே நீ சொன்னா யாரு கேப்பாங்க?"

"கேக்கலன்னா நல்லதுதான். கொஞ்சமாவது யோசிப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். ரொட்டிக்காரர் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். காதோரம் மட்டும் மாவு ஒட்டியிருந்தது. நான்காவது பொருள் வந்ததும் கையைத் தூக்கினார்.

"நான் ஒண்ணு சொல்லலாங்களா?"

"முடிஞ்சதும் சொல்லுங்க" என்றார் செயலாளர். எது முடிந்ததும் என்று சொல்லவில்லை.

ஐஸ்காரம்மா எழுந்தார். "நான் குடுத்த கடிதம் தப்பு. அதை எடுத்துடுங்க."

"அது கோப்புல இருக்கும்மா. கோப்புல இருக்கறதை எடுக்க முடியாது."

"அப்ப இதையும் சேர்த்து வைங்க" என்று நோட்டை மேசையில் வைத்து, முடிச்சுகளையும் தக்கைகளையும் பற்றிச் சொன்னார்.

பல் டாக்டர் குறுக்கிட்டார். "அப்ப போன வாரம் எழுதினது பொய்யா?"

"பொய் இல்ல டாக்டர். வாளிக்குச் சரி. ஏரிக்குத் தப்பு."

"இந்த வாரம் சொல்றது அடுத்த வாரம் மாறுமா?"

"மாறலாம். மாறினா நானே வந்து சொல்றேன். நீங்களும் வந்து அளந்து பாருங்க. முடிச்சுப் போட்ட நரம்பு கொட்டகையிலதான் தொங்குது. ஒயர் கடிக்காது."

சிலர் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. "நாற்றம் அடிக்கற தண்ணி மேல வந்துச்சுன்னா, அதை யாராவது பார்த்திருக்கணுமே?"

"பார்த்திருக்கணும்தான்" என்றார் ஐஸ்காரம்மா.

கை தூக்கினார்கள். அட்டை இருக்கட்டும் என்று பதினாலு பேர். ரத்து செய்யவேண்டும் என்று ஐந்து பேர். செயலாளரும் இன்னும் இருவரும் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. ஐந்தாவது பொருளைப் பற்றி யாரும் பேசவில்லை. அறிவிப்புத் தாளில் அது அப்படியே இருந்தது. டீ வருவதற்குள் ரொட்டிக்காரரின் நாற்காலி காலியாகிவிட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஐஸ்காரம்மா பேக்கரியின் பின்வாசலுக்குப் போனார். காலியான தட்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ரொட்டிக்காரர் படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். முன்கையில் வரிவரியாக அடுப்புச் சூடு பட்ட தழும்பு.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. யோசிக்காம எழுதிட்டேன்."

"அதான் எடுத்துச் சொல்லிட்டீங்களே ஐஸம்மா. அட்டை நின்னுச்சு. சந்தோஷம்." குரலில் அந்தச் சந்தோஷம் இல்லை. இன்னொரு செருப்பை மாட்டினார். "போன வாரம் நீங்க சொன்னதை நம்பினாங்க. நேத்தும் நீங்க சொன்னதை நம்பினாங்க. என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை. நடுவுல நான் எதுக்கு அங்க உக்காந்திருந்தேன்?"

ஐஸ்காரம்மாவுக்கு விசிலடித்த அந்த மூன்று பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தவர் அவர். ஒரு ஆளைப் பற்றி நாலு வரி எழுதியபோது, அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. செயலாளருக்கும் தனக்கும் அந்த இடத்தில் என்ன வித்தியாசம்?

"நேத்து ஒண்ணு சொல்லணும்னு கை தூக்கினீங்களே. என்ன?"

"அதான் முடிஞ்சு போச்சே."

"எனக்கு முடியலை. சொல்லுங்க."

"அன்னைக்கு நான்தான் முதல்ல போனேன். வேலியைத் திறக்கும்போதே அழுகின முட்டை வாடை. தண்ணி டீ மாதிரி இருந்துச்சு. பெரிய கெண்டையெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துச்சு. பொடி மீன் ஒண்ணும் சாகலை. வாய்க்கால்ல மழைத்தண்ணி உள்ள விழற இடம் இருக்கில்ல? அங்க மட்டும் மீன் நெருக்கியடிச்சுக்கிட்டு உயிரோட நின்னுச்சு. கையால அள்ளலாம். செயலாளர் சார் வந்ததும் சொன்னேன். மாவை எங்கய்யா போட்டேன்னுதான் கேட்டார்."

ஐஸ்காரம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். நிறநூலும் தக்கையும் கொண்டு ஒரு நாள் முழுக்க அவர் தேடியது இந்த மனிதரிடம் பத்து நாளாக இருந்திருக்கிறது. அதற்கு மேலும் இருந்திருக்கிறது. வாய்க்கால் முகத்தைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. புதுத் தண்ணீர் விழுகிற இடத்தில் ஆக்சிஜன் இருந்திருக்கும். ஆனால் பொடி மீன் ஏன் தப்பித்தது? ஓரத்து ஆழமில்லாத தண்ணீரிலா? இல்லை, சின்ன உடம்புக்குக் கொஞ்சக் காற்று போதுமா?

"பொடி மீன் எங்க இருந்துச்சு? ஓரத்துலயா, வாய்க்கால்லயா?"

"ரெண்டு எடத்துலயும். ஓரத்துல அதிகம்."

"அண்ணே, இதை அப்படியே எழுதிக்கறேன். நீங்க சொன்னதா, உங்க வார்த்தையில. கோப்புல என் கடிதத்துக்கு மேல வைக்கச் சொல்றேன்."

"கீழ வச்சாலும் யாரு படிக்கப்போறா?"

"படிக்கட்டும், படிக்காம போகட்டும். எழுதாம இருந்தா படிக்கவே முடியாது."

அவர் உள்ளே எட்டிப் பார்த்து, "அந்தத் தட்டைக் கழுவ இன்னும் நேரம் இருக்கு" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஐஸ்காரம்மா நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி எழுதத் தொடங்கினார்: வியாழக்கிழமை விடியற்காலையில் ஏரிக்கு முதலில் போனவன் நான்.

ரொட்டிக்காரர் தலையைச் சாய்த்து அந்த வரியைப் படித்தார்.

"விடியற்காலைன்னு போடாதீங்க. அஞ்சே முக்கால். மணி பார்த்துட்டுத்தான் வேலியைத் திறந்தேன்."

அடித்துவிட்டு, அஞ்சே முக்கால் என்று எழுதினார்.